கத்திரி வெயிலும் கண்ணாடித் தொட்டியும்: வீட்டில் செய்யும் சில்லர்கள் பற்றி

சித்திரை பாதி தாண்டுவதற்குள் காணைப் பக்கத்துத் தளம் போட்ட வீடுகளில் மீன் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி செல்சியஸை எளிதில் எட்டிவிடும். கத்திரி தொடங்கிவிட்டால் 34. விழுப்புரத்துக்கு மேற்கே இருக்கும் இந்த ஒன்றியத்துக்கும் கடலுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. கடலோர மரக்காணத்தில் உச்சிப்பொழுது சாய்ந்ததும் கடற்காற்று வந்து வெயிலின் கடுமையை அடக்கிவிடும். காணைக்கு அது வந்து சேர்வதற்குள் பொழுது இறங்கியிருக்கும், சில நாள் வராமலும் போகும். பகல் முழுக்க வெயில் வாங்கிய தளம், விளக்கு வைத்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் விடத் தொடங்குகிறது. அதனால் தொட்டித் தண்ணீருக்கு இரவிலும் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

சென்னை கொளத்தூரிலிருந்து பாக்கெட்டில் கட்டி வரும் தங்கமீன்கள் இங்கே முதல் கோடையைத் தாண்டாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம். தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கடையில் கிடைக்கிறது. ஹைலியா, டெக்கோ போன்ற நிறுவனங்கள் செய்து விற்கின்றன. ஆனால் அதன் விலை பெரும்பாலும் தொட்டி, மீன், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த செலவையே தாண்டும். ஆகவே வீட்டிலேயே செய்துகொள்ளப் பார்க்கிறார்கள். ஃபேன் வைப்பது, ஐஸ் பாட்டில் போடுவது, பெல்டியர் தகடு, பழைய ஃபிரிட்ஜ், ஏ.சி. கம்ப்ரசர் என்று பல வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, நம் ஊர் வெயிலுக்கும் நம் வீட்டுக் கரன்டுக்கும் எது பொருந்தும் என்று தேடுவதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்னீர்த் தொட்டி வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இங்கே கம்ப்ரசர் தேவையே இல்லை. சூடு உள்ளே வருவதைத் தடுத்து, வந்த மிச்சத்தை ஆவியாக வெளியேற்றினால் போதும். கம்ப்ரசர் கட்டாயம் வேண்டிய தொட்டிகளும் சில உண்டு. அவற்றுக்கு அரைகுறையாகச் செய்த கருவி உயிருக்கே ஆபத்து.

சூடு மீனை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்பது தெரியும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.6-ஆகக் குறைகிறது, 35-இல் ஏழுக்கும் கீழே போய்விடுகிறது. குறைவது இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் அதே பத்து டிகிரி ஏற்றத்தில் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரத்து குறைந்து செலவு கூடுகிறது. இதோடு அம்மோனியாவும் சேர்ந்துகொள்கிறது. பி.எச். 8 உள்ள தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு 25 டிகிரியில் 5.4 சதவீதம், 30 டிகிரியில் 7.5 சதவீதம். உப்பும் காரமும் கூடிய போர் தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செடி வைத்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் செடியும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும் நேரம் அது. கோடையில் சாகும் மீன்களில் பல, சூட்டால் சாவதைவிட மூச்சு முட்டித்தான் சாகின்றன. ஆகவே சில்லர் பற்றி யோசிக்கும் முன்பு ஒரு நல்ல ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பது முதல் கடமை.

எல்லா மீனுக்கும் ஒரே அளவும் இல்லை. தங்கமீனுக்கு 18 முதல் 24 டிகிரி இதமானது. நியான் டெட்ராவுக்கு 20 முதல் 26. கிரிஸ்டல் ரெட் போன்ற அலங்கார இறாலுக்கு 21 முதல் 24, அதற்கு மேல் போனால் தாங்காது. கப்பியும் ஃபைட்டரும் 28 வரை நன்றாக இருக்கும். டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரியைக் கேட்டு வாங்கும் மீன், அதற்குச் சில்லர் வைப்பது தவறு. நம் ஏரிகளில் இருக்கும் விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை. சூடேறி ஆக்சிஜன் வற்றிய குட்டையிலும் அவை பிழைப்பதற்கு அதுவே காரணம். ஃபைட்டர் மீனுக்கும் அப்படி ஓர் உறுப்பு உண்டு. இந்த ஊரில் மீன் வளர்க்கத் தொடங்குகிறவர் தன் வீட்டுச் சூட்டைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுத்தாரென்றால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏற்கெனவே தங்கமீனை வாங்கி வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு இந்த அறிவுரையால் பயனில்லை என்பதால் மேலே போவோம்.

சூட்டுக் கணக்கு

சில்லர் செய்ய முயன்று தோற்றவர்களில் பலர் ஒரு கணக்கைப் போடாமல் தொடங்கியிருப்பார்கள். தொட்டிக்குள் மணிக்கு எவ்வளவு சூடு வருகிறது என்பதே அந்தக் கணக்கு.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுமார் 170 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆறு பக்கமும் சேர்த்து அதன் பரப்பு இரண்டு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். அறையில் 36 டிகிரி, தண்ணீர் 26-இல் நிற்க வேண்டும் என்றால், கண்ணாடி வழியாக மட்டும் ஏறக்குறைய 145 வாட் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். இதற்கு மேல் பம்ப், ஃபில்டர், விளக்கு. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகித் தண்ணீரில்தான் சேர்கிறது. 40 வாட் பம்பை எடுத்துவிட்டு 15 வாட் பம்ப் போடுவது, 25 வாட் குளிர்விக்கும் கருவி ஒன்றை இலவசமாகப் பெறுவதற்குச் சமம். பழைய டியூப் லைட்டை எல்.இ.டி.யாக மாற்றுவதும் அப்படியே.

இப்போது ஓர் அங்குலத் தடிமன் தெர்மோகோல் அட்டையை அடியிலும் பின்னாலும் இரு பக்கங்களிலும் ஒட்டுங்கள். அந்த நான்கு பக்கங்கள் வழியாக முன்பு 88 வாட் வந்துகொண்டிருந்தது. இனி 15 வாட்தான் வரும். திறந்திருக்கும் முன்பக்கமும் மேற்பரப்பும் விடும் சூட்டைச் சேர்த்தாலும், 145 வாட் இருந்த இடத்தில் 75 வாட்தான் மிஞ்சுகிறது. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அட்டை, சில்லரின் வேலையில் பாதியைத் தானே செய்துவிடுகிறது. அதற்குக் கரன்ட் வேண்டாம், பழுதும் ஆகாது. இதைச் செய்யாமல் கம்ப்ரசர் வாங்கப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொட்டியின் அடியில் ஒட்டுவதை மட்டும் பின்னால் செய்ய முடியாது, தண்ணீர் நிரப்பும் முன்பே அட்டையைப் போட்டுவிட வேண்டும்.

தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் இதில் சேரும். மேற்குச் சுவரை ஒட்டி வைத்தால் மாலை வெயிலின் சூடு சுவர் வழியாக நள்ளிரவு வரை வரும். மேல்தளத்து அறையைவிடக் கீழ்த்தளத்து நடு அறை சில டிகிரி குறைவாக இருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் மீனுக்கும் சேர்த்தே நல்லது.

உங்கள் தொட்டிக்கு வரும் சூட்டை நீங்களே அளக்கலாம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். காலையில் தண்ணீர் மிகவும் ஆறியிருக்கும் நேரத்திலிருந்து, ஃபேன் எதுவும் போடாமல், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பகல் முழுக்கக் குறியுங்கள். மிக வேகமாக ஏறிய மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, தொட்டியின் லிட்டரையும் ஏறிய டிகிரியையும் பெருக்கி, அதை 1.16-ஆல் பெருக்கினால் வாட் கணக்கு கிடைக்கும். 170 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்தில் 0.6 டிகிரி ஏறினால், உள்ளே வரும் சூடு 118 வாட். இந்த எண் கையில் இல்லாமல் எந்தக் கருவியையும் வாங்கக் கூடாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இப்போது அளந்தது தண்ணீர் இப்போதிருக்கும் சூட்டில் வரும் வாட். தண்ணீரை இன்னும் கீழே இறக்கினால் அறைக்கும் அதற்கும் வித்தியாசம் கூடும், வரும் சூடும் கூடும்.

காற்றும் ஆவியும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,430 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 100 வாட் சூட்டை நாள் முழுக்க வெளியேற்ற மூன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியானால் போதும். தெர்மோகோல் ஒட்டிய நம் மூன்றடித் தொட்டிக்கு, பம்பையும் விளக்கையும் சேர்த்து, ஏறக்குறைய அந்த அளவு சூடுதான் வருகிறது. ஐந்து வாட் தின்னும் ஒரு ஜோடி கம்ப்யூட்டர் ஃபேன் அந்த வேலையைச் செய்யும்.

ஆனால் ஆவியாக்கிக் குளிர்விப்பதற்கு ஓர் எல்லை உண்டு. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் எந்த அளவில் போய் நிற்குமோ அதற்குக் கீழே தண்ணீரை இறக்க எந்த ஃபேனாலும் முடியாது. இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். காணையின் வறண்ட உச்சிவெயிலில் 40 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை 26 டிகிரி. இரவில் 33 டிகிரி, 55 சதவீதம் என்றாலும் ஏறக்குறைய அதே 26. மரக்காணத்துக் கடற்கரையில் 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் எல்லை 29-ஐத் தாண்டிவிடும். கடற்காற்று மனிதருக்குச் சுகம். மீன் தொட்டிக்கு ஃபேன் வைப்பவருக்கோ அது பாதகம். உள்நாட்டு வறண்ட வெயிலில் இருக்கும் காணை, கேடார், அன்னியூர்க்காரர்களுக்கு, கடலோரம் இருப்பவர்களைவிட இந்த ஒரு விஷயத்தில் நிலைமை நல்லது. கடையில் விற்கும் கருவிகளின் குறிப்பையும் வேறு ஊர்க்காரர்களின் அனுபவத்தையும் அப்படியே நம்பாமல், தெர்மாமீட்டரின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, ஃபேன் முன்னால் பிடித்து உங்கள் அறையின் எல்லையை அளந்து பாருங்கள்.

தொட்டி விளிம்பில் ஃபேனை வைத்து மேற்பரப்பில் ஊதினால் தண்ணீர் இரண்டிலிருந்து நான்கு டிகிரி வரை இறங்கும், எல்லைக்குச் சற்று மேலே நின்றுவிடும். இன்னும் நெருங்க வேண்டுமானால் ஆவியாகும் பரப்பைக் கூட்ட வேண்டும். அதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு சிறு குளிர்விப்புக் கோபுரம். உணவு வைக்கத்தக்க 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் அடியில் நிறையத் துளைகள் போட வேண்டும். உள்ளே பயோ பால் எனும் பிளாஸ்டிக் உருண்டைகள் அல்லது துண்டு துண்டாக நறுக்கிய நெளிவுக் குழாய்களை நிரப்ப வேண்டும். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி, ஷவர் தலை வழியாகப் பரவலாக விழச் செய்யும். வாளியின் கீழ்ப்பகுதியில், தெறிக்கும் தண்ணீர் படாதபடி ஒரு மறைப்புக்குப் பின்னால், 12 வோல்ட் ஃபேன் காற்றை உள்ளே தள்ளும். காற்று மேலே ஏற, தண்ணீர் கீழே சொட்டும். சொட்டும் தண்ணீர் கீழே சம்ப் எனும் சேகரிப்புத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து தொட்டிக்குத் திரும்பும். ஃபேனை வாளியின் உச்சியில் உறிஞ்சும்படி வைத்தால் ஈரக் காற்று பட்டுச் சீக்கிரம் துருப்பிடித்து நின்றுபோகும்.

இந்தக் கோபுரம் குளிர்விப்பதோடு நிற்பதில்லை. சொட்டும் ஒவ்வொரு துளியும் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போகிறது. பயோ பாலில் வளரும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. சூடு மீனுக்குச் செய்யும் மூன்று கெடுதல்களுக்கும் ஒரே வாளியில் பரிகாரம் கிடைப்பதால்தான் வீட்டுச் சில்லர்களில் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

கூலருக்கு வெட்டிவேர்த் தட்டி போடுவது போல இதற்குள்ளும் வெட்டிவேரைப் போடலாமா என்ற ஆசை எழும். கடலூர்க் கடலோர மணலில் விளையும் நல்ல பொருள் அது. ஆனாலும் அதிலிருந்து கசியும் எண்ணெய் மீன் தண்ணீரில் கலப்பதை நான் விரும்பமாட்டேன். பிளாஸ்டிக் போதும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதை இதில் பலர் கவனிப்பதில்லை. நாளுக்கு மூன்றரை லிட்டர் என்றால் மாதத்துக்கு 105 லிட்டர். அதை 800 டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) உள்ள போர் தண்ணீரால் ஈடுகட்டினால், ஒரு மாதத்தில் 170 லிட்டர் தொட்டியின் டி.டி.எஸ். கிட்டத்தட்ட 500 கூடிவிடும். 800 இருந்தது 1,300 ஆகும். கோடையில் ஃபேன் வைத்த பிறகு மீன் மெல்ல மெல்ல மெலிந்து போனால் காரணம் இங்கே இருக்கலாம். ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும், இல்லையென்றால் சேமித்த மழைநீரால். மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி 2003-லிருந்து வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மூடிய டிரம்மில் ஐப்பசி மழையைப் பிடித்து வைத்தால் கோடையில் கொஞ்ச நாளுக்கு உதவும். சம்ப்புக்கும் டிரம்முக்கும் கொசுவலை கட்டுவது அவசியம், ஏடிஸ் கொசு இத்தகைய நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது.

அறையை மூடி வைத்துக்கொண்டு ஃபேனை ஓட்டினாலும் பயன் குறையும். ஆவியான ஈரம் அறையிலேயே தேங்கி எல்லையை உயர்த்திவிடும். எதிரெதிர் ஜன்னல்கள் சற்றேனும் திறந்திருக்க வேண்டும்.

மண்பானையும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். சுட்ட மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. பானை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கசியவிட்டால் சுமார் 42 வாட் சூடு போகும். முப்பது, நாற்பது லிட்டர் தொட்டிக்கு அது உண்மையிலேயே உதவும். புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலைக்குப் பெயர் பெற்ற வில்லியனூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மினுக்கு பூசாத பானையாகக் கேட்டு வாங்க வேண்டும். தொட்டித் தண்ணீரை நேரடியாகப் பானைக்குள் விட்டால் உப்புப் படிந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். பானையில் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வயலில் போடும் 16 மில்லிமீட்டர் குழாயைச் சுருளாகச் சுற்றி அதற்குள் இறக்கி, தொட்டித் தண்ணீரை அந்தக் குழாய்க்குள் ஓட விடுவது சரியான முறை.

தோட்டத்தில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆழத்து நீரின் சூடு அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். நம் பக்கம் அது 28, 29 டிகிரி அளவு. மே மாதத்தில் 34-இல் கொதிக்கும் கப்பித் தொட்டியை, போர் தண்ணீர் விழும் சிமென்ட் தொட்டிக்குள் ஒரு சுருள் குழாயைப் போட்டு 30-க்குக் கொண்டுவரலாம். தங்கமீனுக்கு அது போதாது.

ஐஸ், பெல்டியர், ஃபிரிட்ஜ்

ஐஸ் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகி 28 டிகிரிக்கு வரும்வரை சுமார் 450 கிலோஜூல் எடுக்கும். 100 லிட்டரில் அது ஒரு டிகிரிதான். 100 வாட் சூட்டை நாள் முழுக்க ஐஸால் வெளியேற்ற 19 கிலோ வேண்டும். 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்தார்கள், அந்த அளவு ஏற்பாடு வேண்டும் போலிருக்கிறது. பாட்டிலில் உறைய வைத்துப் போடுவது ஒரு மதியத்து அவசரத்துக்குச் சரி. தினமும் செய்தால் தண்ணீர் ஏறி இறங்கி ஏறி இறங்கி மீனை நோயில் தள்ளும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நிலையான 29 டிகிரி, காலையில் 24-ம் மாலையில் 31-மாக ஆடுவதைவிட மேலானது.

பெல்டியர் தகடு பார்க்க அழகான தீர்வு. 1834-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜான் பெல்டியர் கண்ட விளைவு அது. இரு வேறு கடத்திகளின் இணைப்பில் மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் டி.இ.சி.1-12706 தகடு நான்கு சென்டிமீட்டர் சதுரம், 12 வோல்ட். அசையும் பாகம் இல்லை, கேஸ் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் நடைமுறையில் 25 வாட் சூட்டை எடுக்க அது 50, 60 வாட் மின்சாரம் கேட்கிறது. நம் 100 வாட் தொட்டிக்கு நான்கு தகடுகள், 240 வாட். நாளுக்கு ஏறக்குறைய ஆறு யூனிட். பதினேழு நாளிலேயே 100 யூனிட் மின்சாரம் தீரும். எடுத்த சூடும் தின்ற மின்சாரமும் சேர்ந்து 340 வாட் அறைக்குள்ளேயே கொட்டும். கரன்ட் நின்றுவிட்டால் தகடு சும்மா இருப்பதில்லை, வெளிப்பக்கச் சூட்டைத் தண்ணீருக்குள் கடத்தும். இருபது லிட்டர் இறால் தொட்டிக்கு, பெரிய ஹீட்சிங்க்கும் நல்ல ஃபேனும் வைத்து, ஒரு தகடு போடலாம். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

ஃபிரிட்ஜுக்குள் குழாய்ச் சுருளை வைத்துத் தண்ணீரை ஓட்டுவதே பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றும் யோசனை. தோற்பதும் அதிகம் இதில்தான். ஃபிரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிர்ந்தபடி காப்பதற்காகச் செய்யப்பட்டது, ஓயாமல் வரும் சூட்டை அகற்றுவதற்காக அல்ல. உள்ளிருக்கும் காற்றுக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் இடையே சூடு மிக மெதுவாகத்தான் மாறும். 12 மில்லிமீட்டர் குழாய் பத்து மீட்டர் சுற்றி, உள்ளே தண்ணீரைவிட 20 டிகிரி குறைவாக வைத்திருந்தாலும் கிடைப்பது 60 வாட் அளவுதான். சுருளைத் தண்ணீர் நிரம்பிய டப்பாவுக்குள் மூழ்கடித்து வைத்தால் மாற்றம் கூடும். ஆனால் அந்தச் சிறு கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கம்ப்ரசர் வேண்டியவர்களுக்கு

22 டிகிரியில் நிற்க வேண்டிய இறால், கடல்நீர்த் தொட்டி, கடலோரத்து ஈரக் காற்றில் இருக்கும் தங்கமீன் ஆகியவற்றுக்கு ஈரக்குமிழ் எல்லைக்குக் கீழே போயாக வேண்டும். அதற்குக் கம்ப்ரசர் ஒன்றே வழி. 100 வாட் சூட்டை எடுக்க 60 வாட் போதும், நாளுக்கு ஒன்றரை யூனிட். செலவு கட்டுப்படியாகும்.

வீட்டில் செய்ய ஏற்ற பழைய கருவி ஃபிரிட்ஜ் அல்ல, குளிர்ந்த தண்ணீர் தரும் வாட்டர் டிஸ்பென்சர். அதன் உள்ளே ஒரு சிறிய ஸ்டீல் தொட்டி, அதைச் சுற்றி ஆவியாக்கும் காயில். தண்ணீரைக் குளிர்விப்பதற்காகவே செய்யப்பட்டது. கேஸ் குழாயைத் தொடாமலே அதன் தெர்மோஸ்டாட்டை விலக்கிவிட்டு, வெளியே எஸ்.டி.சி.-1000 போன்ற கட்டுப்பாட்டுக் கருவியை இணைக்கலாம். கம்ப்ரசர் நின்றதும் உடனே மறுபடி கிளம்பாமலிருக்கத் தாமத நேரத்தை மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். மேலும் கீழும் ஒரு டிகிரி இடைவெளி விட வேண்டும். கால் டிகிரிக்கு வைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் கிளம்பி நின்று எரிந்துபோகும். அந்த ஸ்டீல் தொட்டிக்குள் தண்ணீர் உறைந்துவிடாமலிருக்க பம்ப் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும்படி ஒரே இணைப்பில் வைக்க வேண்டும்.

ஜன்னல் ஏ.சி.யின் காயிலை வளைத்துத் தொட்டிக்குள் இறக்குவோரும் உண்டு. ஒரு டன் ஏ.சி. 3,500 வாட் சூட்டை எடுக்கும். வீட்டுத் தொட்டிக்கு அது மிக அதிகம், முப்பது, நாற்பது தொட்டிகள் வைத்திருக்கும் பண்ணைக்கே பொருந்தும். அந்தக் காயில் தாமிரம். தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். கடல்நீரில் அது அரித்துக் கரையவும் செய்யும். சாதாரண ஸ்டீலும் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடைச் சில்லர்களில் டைட்டானியம் போடுவது இதனால்தான், விலை ஏறுவதும் அதனால்தான். தாமிரக் காயிலைத்தான் வைத்தாக வேண்டுமென்றால், அதைத் தனி வாளியில் தண்ணீரிலோ உணவுத் தர புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த நீரிலோ மூழ்கடித்து, தொட்டித் தண்ணீர் வேறொரு பிளாஸ்டிக் சுருள் வழியாக அந்த வாளிக்குள் போய்வர வேண்டும். இரண்டு தண்ணீரும் தொடவே கூடாது. கேஸோ கம்ப்ரசர் ஆயிலோ கசிந்தாலும் வாளியோடு நிற்கும்.

கேஸ் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22 ஓசோனைக் கெடுப்பது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி உலகமே அதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. புதிய ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. குழாயை அறுத்துக் காற்றில் விடுவது தவறும் ஆபத்தும் ஆகும். அந்த வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

கண்டென்சர் கக்கும் சூடு அறைக்கு வெளியே போக வழி செய்ய வேண்டும். தொட்டி இருக்கும் அறைக்குள்ளேயே வைத்தால் எடுத்த சூடே திரும்பி வரும். எல்லாக் கருவிகளுக்கும் எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டால் கரன்டை நிறுத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. சில்லர் செய்யும் ஆர்வத்தில் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

கடல்நீர்த் தொட்டி வைப்போர் பவளம் வளர்க்க ஆசைப்படுவார்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்து வைப்பது குற்றம். அங்கேயே 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும், அவை வெளுக்கத் தொடங்கும். கடல் மீன் ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் போதும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதை வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்திருக்கிறது.

கரன்ட் போனால்

எந்தச் சில்லரையும் கடைசியாக ஒரு கேள்வியால் சோதிக்க வேண்டும். கரன்ட் போனால் இது என்ன செய்யும்? 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த மாவட்டம் இது. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. கோடையில் புயல் இல்லாவிட்டாலும், மாலை இடியோடு வரும் காற்றில் கம்பி அறுந்தால் இரவு முழுக்க இருட்டுதான்.

கம்ப்ரசரை ஓட்ட நல்ல இன்வெர்ட்டர் வேண்டும். பெல்டியர் தகடு ஒன்றை 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். அதே பேட்டரி ஐந்து வாட் ஃபேனைப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றும் இருந்தால் விடியும்வரை கவலையில்லை. தெர்மோகோல் ஒட்டிய தொட்டி சூடேறுவதும் மெதுவாகவே இருக்கும். கோபுரம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது, பம்ப் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் முழுவதும் சம்ப்புக்கு இறங்கும் என்பது. அந்த அளவுக்குச் சம்ப்பில் எப்போதும் காலியிடம் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி ஒரு தடவை சோதித்துப் பார்த்த பிறகே கருவியை நம்பலாம்.

கரன்ட் போன நேரத்தில் தீனி போடாதீர்கள். செரிக்க மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரிலிருப்பதையும் எடுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து, மீன் துள்ளி வெளியே விழாமல் வலையைப் போட்டு வையுங்கள். பேட்டரியில் முதலில் இணைக்க வேண்டியது ஏர் பம்ப், அடுத்தது ஃபேன். கரன்ட் திரும்பியதும் கம்ப்ரசரை உடனே போடாமல் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியிருந்தாலும் கட்டுப்பாட்டுக் கருவியை ஒரேயடியாகப் பழைய அளவுக்கு வைக்காமல், மணிக்கு ஒரு டிகிரியாக இறக்கி வாருங்கள்.